சும்மா இருக்கும் எண்

முனிர்காவில் நான்காம் மாடி, ஜனவரி.
குழாயைத் திறந்தால் விரலை நறுக்கும் தண்ணீர்.
நேரு பிளேஸில் பதினோராயிரத்துக்கு வாங்கிய மடிக்கணினி;
எந்த வங்கியோ கழித்துப் போட்டது,
சொத்து எண் ஒட்டிய தாளை இன்னும் உரிக்கவில்லை.
அதற்குள் மூன்று ரவுட்டர்கள் ஓடுகின்றன.
ஒன்றையும் நான் தொட்டதில்லை.

வெள்ளைத் திரையில் ஒன்றை இழுத்து வைப்பேன்,
தள்ளி இன்னொன்று,
நடுவில் ஒரு கோடு: அதுதான் கேபிள்.
பச்சைப் புள்ளி எரியும்.
ஆனாலும் வாசல்கள் எல்லாம் மூடியே பிறக்கின்றன.
திற என்று ஒரு கட்டளையை யாரும் வைக்கவில்லை.
மூடாதே என்றுதான் சொல்ல வேண்டும்
ஒவ்வொரு வாசலிடமும் தனித்தனியாக:
நோ ஷட்டவுன்.

பிங் அனுப்பினால்
. ! ! ! !
முதலில் விழும் அந்தப் புள்ளிக்காக
ஓர் இரவு முழுக்கப் பிழை தேடியிருக்கிறேன்.
பிழையே இல்லை.
பக்கத்தில் இருப்பது யாரென்று விசாரித்து முடிப்பதற்குள்
முதல் கடிதம் தொலைந்துபோகிறது, அவ்வளவுதான்.
தில்லியில் என் முதல் மாதமும் அப்படிப் போனதுதான்.

இந்த ரவுட்டர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
வேலை இல்லாதபோதும்
வேலை இருக்கிறதா வேலை இருக்கிறதா என்று
செயலி முழுவதையும் தின்று தீர்க்கும்.
அதற்கு ஓர் எண் உண்டு.
மென்பொருளே தேடிப் பிடித்து
நட்சத்திரம் போட்டுக் காட்டும்.
கொடுத்தால் அடங்கிவிடும்,
நூறு சதவீதம் ஐந்தாகும், விசிறி வாயை மூடும்.
சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.
கொடுப்பதில்லை.
மார்ச் வரைக்கும் கொடுக்கப்போவதும் இல்லை.
இந்த அறையில் வேறு சூடு எங்கே இருக்கிறது?
லால்ரின்புயி தன் ரஜாயோடு வந்து
விசிறிப் பக்கம் பாதத்தை நீட்டிக்கொள்வாள்.
"இன்னொரு ரவுட்டர் போடேன்" என்பாள்.

ஒரு ராத்திரி சுனேஜா ஆன்ட்டி கதவைத் தட்டினார்.
ஹீட்டர் சத்தம் கீழே வரை கேட்கிறதாம்.
ஹீட்டர் இல்லை ஆன்ட்டி, மூன்று ரவுட்டர்.
என் இந்தியில் அது சரியாகத்தான் வந்தது.
கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார்,
அலமாரிக்கு மேலே பார்த்தார்,
ரின்புயியின் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.
எங்கே, எங்கே என்றார்.
மடியைக் காட்டினேன்.
நம்பவில்லை.

ஓக்லாவில் நேர்முகம்.
மடியில் கனமில்லை; வழியெல்லாம் பயம்.
"கையால் தொட்டு வேலை பார்த்ததுண்டா?" என்றார் கதூரியா.
தொட்டதில்லை என்றேன்.
சிரிக்காமல் உள்ளே கூட்டிப்போனார்.
மேஜைமேல் ஒன்று. தூக்கிப் பார்க்கச் சொன்னார்.
ஐந்து கிலோ அரிசி மூட்டையைவிடக் கனம்.
சுவிட்சைத் தேடினேன், முன்னால், பக்கவாட்டில்.
பின்புறம் இருந்தது.
நீலத்தில் ஒரு தட்டைக் கேபிள்.
திரையில் வேலி கட்டினாற்போல்
# # # # # # #
வெகுநேரம். அவர் தேநீர் குடித்து முடித்தார்.
கடைசியில் > என்று வந்து நின்றது.
அட, நீதானா.
விரல்கள் என்னைக் கேட்காமலே போய்விட்டன.
ஒரு வாசலுக்கு மட்டும் மூடாதே சொல்ல மறந்தேன்;
அவர் பார்ப்பதைப் பார்த்து எழுதினேன்.

முடித்ததும் கை தானாக அதன் முதுகுக்குப் போயிற்று.
"என்ன தேடுகிறாய்?"
ஒன்றுமில்லை சார்.
மூச்சுவிடும் அளவுக்குத்தான் இருந்தது சூடு.
அதற்கு யாரோ
சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை சொல்வார்களாம்.
ரின்புயி மோமோ வாங்கி வைத்திருந்தாள், ஆறிப்போயிருந்தது.
கணினியைத் திறந்து
நான்காவது ரவுட்டரை இழுத்து வைத்தேன்.
அவள் பொட்டலத்தை விசிறிப் பக்கமாக நகர்த்தினாள்.